பரிசு வாங்கியவர் பெயரோடு நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சவூதி அரேபியாவின் மன்னர் ஃபைசல் பரிசு யாருக்கு என்ற அறிவிப்பு ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டி ரியாத்திலிருந்து வருகிறது. நம் தமிழ் ஏடுகள் அதை நான்கு வரியில் முடித்துவிடுகின்றன. யாருக்குக் கிடைத்தது, எவ்வளவு பணம், பதக்கத்தில் எத்தனை கிராம் தங்கம் என்பதோடு செய்தி நின்றுவிடுகிறது. அந்த அறிஞர் செய்த வேலை என்ன, அடுத்து எந்தத் தலைப்பில் பரிந்துரை கேட்கிறார்கள், யார் பரிந்துரைக்கலாம் என்ற மூன்றும் விடுபட்டுப் போகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளுக்கும் மருத்துவர்களுக்கும் அரபிக் கல்லூரிகளுக்கும் பயன்படக்கூடியவை அந்த மூன்றும்தான். எனவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படைத் தகவல்கள். மன்னர் ஃபைசல் 1975 மார்ச்சில் கொல்லப்பட்டார். அவருடைய பிள்ளைகள் 1976-ல் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார்கள். அது 1977-ல் பரிசை ஏற்படுத்தி 1979-ல் முதன்முறையாக வழங்கியது. தொடக்கத்தில் இஸ்லாமியத் தொண்டு, இஸ்லாமிய ஆய்வு, அரபு மொழி இலக்கியம் என்று மூன்று பிரிவுகள் இருந்தன. மருத்துவப் பரிசு 1982-லும் அறிவியல் பரிசு 1984-லும் வழங்கத் தொடங்கினார்கள். ஒரு பிரிவுக்கு 7,50,000 சவூதி ரியால். டாலருக்கு 3.75 ரியால் என்று அந்நாட்டு அரசு மாற்று விகிதத்தை நிலையாக வைத்திருப்பதால் அது சரியாக 2 லட்சம் டாலர். கூடவே 24 காரட்டில் 200 கிராம் தங்கப் பதக்கமும் சான்றிதழும் உண்டு. ஒரே பிரிவில் இருவர் தேர்வானால் தொகையைப் பங்கிட்டுத்தான் தருகிறார்கள். ஆளுக்கு 2 லட்சம் டாலர் என்று செய்திகளில் வருவது தவறு.

இது முஸ்லிம்களுக்கு மட்டுமான பரிசு என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. இஸ்லாமியத் தொண்டுப் பிரிவின் நோக்கம் பெயரிலேயே தெரிகிறது. மற்ற நான்கு பிரிவுகளிலும் மதமோ நாடோ பார்ப்பதில்லை. இஸ்லாமிய ஆய்வுப் பரிசையே 2005-ல் சிலுவைப் போர் வரலாற்றுக்காக கரோல் ஹில்லன்பிராண்டும், 2023-ல் இஸ்லாமியக் கட்டடக்கலை ஆய்வுக்காக ராபர்ட் ஹில்லன்பிராண்டும் பெற்றார்கள். பிரிட்டனைச் சேர்ந்த இவர்கள் கணவன் மனைவி. அறிவியலில் 1984-ல் முதல் பரிசு பெற்ற பின்னிக், ரோரர் இருவரும் 1986-ல் நோபல் பெற்றார்கள். மருத்துவத்தில் 2011-ல் பரிசு பெற்ற யமனாகாவுக்கு மறு ஆண்டே நோபல் கிடைத்தது. வேதியியலில் 2015-ல் பெற்ற ஓமர் யாகிக்கு 2025-ல் கிடைத்தது. இந்தப் பட்டியல் இன்னும் நீளும். நோபலோடு ஒப்பிட்டு மட்டுமே இதற்கு மதிப்புப் போட வேண்டியதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

நம் பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவர் இதைப் பெற்றிருக்கிறார் என்பதை ஊத்தங்கரையிலும் அரூரிலும் எத்தனை கணித ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள்? 2006-ல் அறிவியல் பரிசு கணிதத்துக்கு வந்த ஆண்டில் அதைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் எம்.எஸ். நரசிம்மன். 1932-ல் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் தண்டரையில் பிறந்து, சென்னை லயோலாவில் படித்து, பம்பாய் டாடா ஆய்வு நிறுவனத்துக்குப் போனவர். அவரும் காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரியும் 1965-ல் நிறுவிய தேற்றம் உலகெங்கும் இருவர் பெயராலும் வழங்குகிறது. ஒரு வளைபரப்பின் மேல் அமையும் வெக்டார் கற்றைகளில் (பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டார் வெளியை ஒட்டிவைத்த அமைப்புகளில்) எவை நிலையானவை என்ற வடிவகணிதக் கேள்விக்கும், அந்தப் பரப்பின் அடிப்படைக் குலத்தை (புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்றுப்பாதைகளின் கணக்கை) யூனிட்டரி அணிகளாக எழுதும் இயற்கணிதக் கேள்விக்கும் விடை ஒன்றே என்று அது காட்டியது. 1983-ல் சைமன் டொனால்ட்சன் அதே தேற்றத்துக்கு முற்றிலும் வேறு வழியில் நிரூபணம் கொடுத்தார். 2006 பரிசில் நரசிம்மனோடு பங்கு பெற்றவர் அந்த டொனால்ட்சன்தான். இப்படிப்பட்ட இணைப்பை ஏடுகள் இரண்டு வரி சேர்த்து எழுதியிருந்தால் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலும் தருமபுரி அரசுக் கலைக் கல்லூரியிலும் ஒரு பாட வேளை முழுக்கப் பேச விஷயம் கிடைத்திருக்கும். இந்தியாவிலிருந்து இதற்கு முன்பே 1980-ல் லக்னோவின் அபுல் ஹசன் அலி நத்வி இஸ்லாமியத் தொண்டுக்கும், உத்தரப் பிரதேசத்தின் மவு ஊரில் பிறந்த முஸ்தஃபா ஆஸ்மி நபிமொழி ஆய்வுக்கும் பெற்றிருக்கிறார்கள்.

இனிப் பரிந்துரை. இந்தப் பரிசுக்குத் தானே விண்ணப்பிக்க முடியாது. பல்கலைக்கழகங்கள், ஆய்வு மையங்கள், கல்வி நிறுவனங்கள், முன்பு பரிசு பெற்றவர்கள் ஆகியோரே பெயர் அனுப்பலாம். வேறு தனிநபரோ அரசியல் கட்சியோ அனுப்பினால் ஏற்பதில்லை. கட்டணம் ஒரு பைசாவும் கிடையாது. பரிந்துரைக்கப்படுபவர் உயிரோடு இருக்க வேண்டும். ஆய்வுகள் அச்சில் வந்திருக்க வேண்டும். வந்த பெயர்களைத் துறை வல்லுநர்கள் முதலில் மதிப்பிடுகிறார்கள். பிறகு தேர்வுக் குழு ரியாத்தில் கூடி முடிவெடுக்கிறது. தகுந்த ஆய்வு வரவில்லை என்று பட்டால் அந்த ஆண்டு அந்தப் பிரிவில் பரிசே வழங்காமல் நிறுத்திவைப்பார்கள். இது பலமுறை நடந்திருக்கிறது.

இங்கேதான் நம் கல்லூரிகள் தவறவிடும் விஷயம் வருகிறது. இஸ்லாமிய ஆய்வு, அரபு, மருத்துவம் மூன்றுக்கும் ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட தலைப்பை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். அறிவியலுக்கு நான்காண்டுச் சுழற்சி. 2025-ல் இயற்பியல் வந்தது. அடுத்து கணிதம், வேதியியல், உயிரியல் என்று வந்து 2029-ல் மீண்டும் இயற்பியல். ஆக, வேதியியல் பேராசிரியர் ஒருவர் எவ்வளவு சிறந்தவராக இருந்தாலும் அவர் பெயரைக் கணித ஆண்டில் அனுப்பினால் உறையைத் திறந்ததோடு சரி. மருத்துவத்திலும் இதே கதைதான். 2022-ல் மரபணு திருத்தம், 2023-ல் பெருந்தொற்றும் தடுப்பூசியும், 2025-ல் உயிரணு சிகிச்சை என்று தலைப்பு மாறிக்கொண்டே போகிறது. நாற்பதாண்டு சேவை செய்த பொது மருத்துவர் என்ற காரணம் இந்தப் பிரிவில் எடுபடாது. தலைப்புக்குள் விழும் ஆய்வு இருக்க வேண்டும்.

கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். நிறுவனத்தின் முகப்புத்தாளில், முதல்வரோ பதிவாளரோ துணைவேந்தரோ கையெழுத்திட்ட கடிதம் முதலில் வேண்டும். துறைத்தலைவர் கையெழுத்து போதாது. பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் பல்கலைக்கழகம் வழியாக அனுப்பினால் எடை கூடும் என்பது என் கருத்து; ஆனால் அந்த மேசைகளைத் தாண்டி வர எடுக்கும் நாட்களைக் கணக்கில் வைக்க வேண்டும். அடுத்தது ஒரே பக்கத்தில் காரணம். எந்தக் கேள்விக்கு விடை தேடினார், எப்படித் தேடினார், அதற்குப் பிறகு அந்தத் துறையில் என்ன மாறியது என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். அதன் பின் தன்விவரம், ஆய்வுப் பட்டியல், சிறந்தவை என்று தேர்ந்தெடுத்த ஐந்து முதல் பத்து வெளியீடுகள், புகைப்படம். எண்பது கட்டுரைகளை அடுக்கி அனுப்பினால் நடுவருக்கு நல்லது எது என்று தேடும் வேலையைத் தருகிறோம்.

நம் ஊர்க் கோப்புகளில் அடிக்கடி வரும் கோளாறு பெயரில் தொடங்குகிறது. அப்பா பெயர் குப்புசாமி, தன் பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் கே. முருகேசன், இன்னொன்றில் முருகேசன் கே., கடவுச்சீட்டு எடுத்த பிறகு முருகேசன் குப்புசாமி. ஸ்கோபஸ் போன்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்கள் இவரை மூன்று ஆட்களாகப் பிரித்துவிடுகின்றன. மேற்கோள் எண்ணிக்கையும் மூன்றாகச் சிதறுகிறது. ஆர்க்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண்ணை இலவசமாகப் பெற்று, பழைய கட்டுரைகள் அத்தனையையும் அதில் இணைத்து, பிரிந்து கிடக்கும் பக்கங்களை ஒன்றாக்கும்படி ஸ்கோபஸுக்கு எழுத வேண்டும். இதை ஒரே வாரத்தில் முடிக்க முடியாது. கல்லூரியின் பெயரையும் எல்லாக் கட்டுரையிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் போட வேண்டும். 'தருமபுரி' என்பதே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக வருகிறது.

இரண்டாவது கோளாறு பணம் வாங்கிக்கொண்டு பத்தே நாளில் வெளியிடும் இதழ்கள். அதில் வந்த பத்துக் கட்டுரை நல்ல இதழில் வந்த ஒன்றையும் சேர்த்துக் கெடுக்கும். பல்கலைக்கழக மானியக் குழு தன் இதழ்ப் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டதால், 'பட்டியலில் இருந்தது' என்ற சமாதானமும் இனி இல்லை. ஆசிரியர் குழு உண்மையானதா, கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் டி.ஓ.ஐ. எண் வேலை செய்கிறதா, மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்புகள் கிடைத்தனவா என்று கல்லூரி நூலகர் உட்கார்ந்து பார்த்துத்தான் கோப்பில் சேர்க்க வேண்டும். மூன்றாவது, பொன்னாடைப் படங்களும் அமைச்சர், எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதங்களும். இவை கோப்பின் நம்பகத்தன்மையைக் குறைக்கும். நான்காவது மொழி. நடுவர்கள் பல நாட்டுக்காரர்கள். தமிழில் மட்டும் உள்ள நல்ல ஆய்வு அவர்கள் கைக்குப் போய்ப் பயனில்லை. ஆங்கிலத்திலோ அரபியிலோ விரிவான சுருக்கமும் முக்கிய அத்தியாயங்களின் மொழிபெயர்ப்பும் வேண்டும்.

பரிந்துரை வாங்கும் காலம் பெரும்பாலும் மார்ச் கடைசியோடு முடிகிறது. அந்த மாதம் நம் கல்லூரிகளில் தணிக்கையும் அக மதிப்பெண்ணும் செய்முறைத் தேர்வும் ஒன்றாக வந்து விழும் மாதம். மார்ச்சில் தொடங்கினால் கோப்பு போகாது. புரட்டாசியில் பெயரை முடிவு செய்து, கார்த்திகைக்குள் வெளியீடுகளைத் திரட்டி, தையில் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

'நம் மாவட்டத்தில் அப்படி என்ன ஆய்வு இருக்கிறது' என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்புடைய அளவு. வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் முதலில் பிள்ளைகளின் பல்லில் கறை, ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்புகளும் மூட்டுகளும் பாதிக்கப்படும். இதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. நிரந்தரப் பற்களின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகி முடிகிறது. அதனால் திட்டம் வரும்போது பத்து வயதாக இருந்த பிள்ளையின் பல்லில் மாற்றம் தெரியாது. 2013-ல் பிறந்த பிள்ளைகள் 2025-ல் 12 வயதை எட்டினார்கள். பல் சுகாதார ஆய்வுகளுக்கு உலக அளவில் எடுத்துக்கொள்ளும் வயதும் 12. ஆகவே ஒரு பெரிய நீர்த்திட்டம் ஃபுளோரோசிஸை, அதாவது ஃபுளோரைடால் வரும் இந்தப் பாதிப்பை, குறைத்ததா, எவ்வளவு குறைத்தது என்று துல்லியமாக அளக்கும் வாய்ப்பு இப்போதுதான் கனிந்திருக்கிறது.

அதைச் செய்வதற்கு வேண்டியவை பெரிய கருவிகள் இல்லை. பல் கறையைத் தரம்பிரிக்கும் டீன் குறியீட்டின்படி பல்லைப் பார்க்கப் பயிற்சி பெற்ற இருவர், ஒரே பிள்ளையைத் தனித்தனியே பார்த்து ஒத்துப்போகிறார்களா என்ற சோதனை, ஃபுளோரைடு மின்முனை உள்ள ஆய்வகம், திட்டநீர் முறையாக வரும் ஊர்களும் வராத ஊர்களும். கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. மேல்நிலைத் தொட்டியில் நீரை எடுத்து அளந்துவிட்டு வந்துவிடுவார்கள். பல ஊர்களில் காவிரி நீரோடு ஊர் போர்வெல் நீரும் தொட்டியில் கலக்கிறது. வீட்டில் குடிக்க ஒரு நீர், களி கிண்டவும் சோறாக்கவும் இன்னொரு நீர். வீட்டுக் குடத்திலிருந்தும் சமையல் பாத்திரத்திலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் எடுக்கக் கூடாது, பிளாஸ்டிக் புட்டியில் எடுக்க வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் பெரியார் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையும் சேர்ந்தால் செய்துவிடக்கூடிய வேலை இது. பரிசு வருமா என்பது பிறகு பார்க்க வேண்டியது. இப்படியோர் ஆய்வு அச்சில் இருந்தால்தான் பொருந்தும் தலைப்பு வரும் ஆண்டில் எடுத்து நீட்ட நம்மிடம் ஏதாவது இருக்கும்.

பரிசு பெற்ற வேலையை விளக்கி எழுதுவதால் என்ன பயன் என்பதற்கு மருத்துவப் பிரிவின் தொடக்க ஆண்டுகளே போதும். 1982-ல் அந்தப் பிரிவின் முதல் பரிசு, ஆரம்ப சுகாதாரம் என்ற தலைப்பில், டேவிட் மார்லி என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவருக்குப் போனது. நைஜீரியக் கிராமங்களில் வேலை செய்தபோது, குழந்தையை மாதந்தோறும் எடைபோட்டு, புள்ளிகளைக் கோடாக இணைத்து, அந்த அட்டையைத் தாயிடமே கொடுத்துவைக்கும் முறையை வளர்த்தெடுத்தவர் அவர். நம் அங்கன்வாடி வளர்ச்சி அட்டை அந்த வழியில் வந்தது. புள்ளி எந்தப் பட்டையில் விழுகிறது என்பதைவிடக் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்க்கச் சொன்னார். இரண்டு மாதம் கோடு படுத்துக் கிடந்தால், குழந்தை இன்னும் சரியான எடையைக் குறிக்கும் பச்சைப் பட்டையில் இருந்தாலும் கேள்வி கேட்க வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழிக் குளிரில் ஸ்வெட்டரும் குல்லாவும் கழற்றாமல் எடை போட்டால் கால் கிலோ வரை கூடக் காட்டும். எட்டு, ஒன்பது மாதக் குழந்தை ஒரு மாதத்தில் ஏறும் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த மாத வளர்ச்சிக் குறைவு முழுசாக மறைந்துபோகும்.

1984-ல் தலைப்பு வயிற்றுப்போக்கு நோய்கள். ஜான் ஃபோர்ட்ரான், மைக்கேல் ஃபீல்ட், வில்லியம் கிரீனோ மூவரும் பகிர்ந்தார்கள். குடல் சுவர் உப்பையும் நீரையும் எப்படி உறிஞ்சுகிறது, காலரா நஞ்சு அதை எப்படித் தலைகீழாக்குகிறது என்பதே அவர்கள் துறை. கிரீனோ டாக்காவின் வயிற்றுப்போக்கு ஆய்வு மையத்தை நடத்தியவர். கடுமையான பேதியிலும் ஒரு வழி மட்டும் அடைபடுவதில்லை. குடல் செல்லுக்குள் குளுக்கோஸ் நுழையும்போது சோடியத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போகிறது. அவற்றின் பின்னே நீர் போகிறது. பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். முழுக்க இந்த ஒன்றின் மேல் நிற்கிறது. சர்க்கரையும் உப்பும் குறிப்பிட்ட விகிதத்தில் இருந்தால்தான் அது நடக்கும். உலக சுகாதார நிறுவனம் இப்போது சொல்லும் அளவு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதா உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. பழைய கலவையில் குளுக்கோஸ் 20 கிராம் இருந்தது. கரைசல் சற்று நீர்த்ததாக இருந்தால் வாந்தியும் பேதியின் அளவும் குறைகின்றன என்று கண்டு 2002-ல் மாற்றினார்கள்.

வீட்டில் நடக்கும் தவறு இதற்கு நேர்மாறானது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை 200 மில்லி டம்ளரில் கரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது ஐந்து மடங்கு அடர்த்தி. குழந்தையின் இரத்தத்தில் சோடியம் அபாயமாக ஏறிவிடும். பொட்டலத்தின் மேல் ஒரு லிட்டரா, 200 மில்லியா என்று பார்த்துத்தான் நீர் அளக்க வேண்டும். பெட்டிக்கடையில் விற்கும் இனிப்புப் பானங்கள் வேறு வகையில் கெடுக்கின்றன. அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. அதிகச் சர்க்கரை உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும். அவற்றின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பொட்டலம் கிடைக்காத மலைக்கிராமத்தில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிட வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ் ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். கூடவே துத்தநாக மாத்திரை. ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10, மொத்தம் 14 நாள். பேதி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவது இங்கே பரவலான வழக்கம். முழு நாளும் கொடுத்தால்தான் அடுத்த சில மாதங்களுக்கும் பாதுகாப்பு.

2020-ன் மருத்துவப் பரிசும் நமக்கு நெருக்கமானது. தலைப்பு ஹீமோகுளோபின் நோய்கள். பெற்றவர் ஸ்டூவர்ட் ஆர்க்கின். கருவிலிருக்கும் குழந்தைக்கு ஒரு வகை ஹீமோகுளோபின், பிறந்தபின் வேறு வகை. அந்த மாற்றத்தை நடத்தும் பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவின் பங்கை அவருடைய ஆய்வகம் வெளிக்கொண்டுவந்தது. அதை அடக்கினால் கருக்கால ஹீமோகுளோபின் மறுபடி உருவாகி, தலசீமியா, அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை இரத்த நோய்களை ஈடுகட்டும். இந்த வழியில் உருவான மரபணு திருத்த சிகிச்சைக்கு 2023-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி தந்தன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். நம் வீடுகளுக்கு அது எட்டும் வரை தடுப்பதுதான் வழி. மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் பெண் எடுக்கும் வழக்கம் உள்ள இடத்தில் இருவருமே தலசீமியா கடத்துபவர்களாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு நோயுள்ள குழந்தைக்கு வாய்ப்பு. கடத்துபவருக்கு நோய் எதுவும் தெரியாது. இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரையே கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. என்ற இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா கடத்துபவர் என்று சந்தேகிக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைபாடு இருந்தால் இந்த அளவு பொய்யாகக் குறைந்து காட்டும், அதனால் உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. கல்யாணத்துக்கு முன் பார்க்கவில்லை என்றால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள்ளாவது பார்க்க வேண்டும். பரிசுச் செய்தி வந்த அன்று இந்தப் பரிசோதனை பற்றி ஒரு பத்தி சேர்த்திருந்தால் எத்தனை குடும்பங்கள் படித்திருக்கும்.

அரபிக் கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2024-ல் அரபுப் பிரிவின் தலைப்பு, அரபு அல்லாத நாடுகளின் நிறுவனங்கள் அரபு மொழியைப் பரப்பச் செய்த பணி. அந்த ஆண்டு அப்பரிசு வழங்கப்படாமல் நின்றுபோனது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி போன்ற பழைய நிறுவனங்கள் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அந்தத் தலைப்பில் பேச வேண்டிய வரலாறு இந்தப் பகுதிக்கு உண்டு. ஆனால் வரலாறு இருந்தால் போதாது. மாணவர் பதிவேடு, பாடத்திட்டம், ஆசிரியர்கள் எழுதிய இலக்கண நூல்கள், அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் ஏடுகள் எல்லாம் அட்டவணைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு கையெழுத்துப் படிக்கும் தாள் எண்ணிக்கை, அளவு, எழுதியவர், ஹிஜ்ரி ஆண்டு, இருக்கும் இடம் என்று ஒரு வரியாவது இல்லாமல் எந்த நடுவரும் அதை மதிப்பிட முடியாது. ஈரமான அலமாரியில் ஏடு அரிக்கப்படும் வேகம் அட்டவணை போடும் வேகத்தைவிட அதிகமாக இருப்பதுதான் என் கவலை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. உண்மையான பரிசின் முறை தெரியாததால்தான் போலிப் பரிசுகள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் விலைபோகின்றன. 'சர்வதேச விருதுக்குத் தாங்கள் தேர்வாகியுள்ளீர்கள்' என்று வாட்ஸ்அப்பில் வரும். பதிவுக் கட்டணம், பதக்கச் செலவு, நட்சத்திர ஓட்டல் அரங்கில் இடம் என்று ஒவ்வொன்றாகப் பணம் கேட்பார்கள். சிலர் கௌரவ டாக்டர் பட்டமும் சேர்த்துத் தருவார்கள். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 1956-ன் 22-ஆம் பிரிவின்படி, சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகமும் அதற்கு இணையான அதிகாரம் பெற்ற நிறுவனமும் தவிர வேறு யாரும் பட்டம் வழங்க முடியாது. நடுவர் யார் என்று தெரியாத, தலைப்பு அறிவிக்காத, வாங்குபவரிடமே பணம் கேட்கிற எதுவும் பரிசாகாது. பணம் கட்டி வாங்கியவரின் படத்தைச் செய்தியாகப் போடும்போது, உழைத்து ஆய்வு செய்யும் இளம் ஆசிரியருக்கு நாம் தவறான பாதையைக் காட்டுகிறோம். இதில் செய்தியாளர்களுக்கும் பொறுப்பு உண்டு.

தங்களிடம் கேட்பது இரண்டு. பரிசு அறிவிப்பு வரும்போது ஒவ்வொரு பிரிவின் தலைப்பையும், ஆய்வின் சாரத்தையும், அது நம் பகுதிக்கு எங்கே பொருந்துகிறது என்பதையும் அரைப் பக்கம் எழுதுங்கள். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களைக் கேட்டால் மகிழ்ச்சியோடு எழுதித் தருவார்கள். அடுத்த ஆண்டுக்கான தலைப்புகளையும் கடைசித் தேதியையும் பரிசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பார்த்து, ஆவணி மாதத்துக்குள் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். அப்போது வெளிவந்தால் கல்லூரி முதல்வர்களுக்கு மார்ச் கடைசி வரை முழுசாக ஆறு மாதம் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
கல்லூரி நூலகர் ஒருவர்,
கிருஷ்ணகிரி.